"நான் புதிது" என்று வகுப்பில் சொல்ல வேண்டுமா? புது ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூன் மாதம் பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். ஈரோடு, கோபி, பெருந்துறை, பல்லடம் பக்கம் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், பி.எட். பயிற்சிக்குப் பள்ளிக்கு வந்தவர்கள், டியூஷன் சென்டரில் முதல் மாதம் நிற்பவர்கள் என்று ஆள்தான் மாறும், சந்தேகம் மாறாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கியத்திலேயே கொடுத்திருக்கிறேன். நான் அறிவியல் ஆசிரியர் என்பதால் எடுத்துக்காட்டுகள் அந்தப் பக்கமே சாயும். தமிழாசிரியர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"முதல் நாளே 'எனக்கு இதுதான் முதல் வருடம்' என்று சொல்லிவிடலாமா? சொன்னால் மனப்பாரம் குறையும்போல் இருக்கிறது."

வேண்டாம். யாருடைய பாரம் குறைகிறது என்று பாருங்கள். உங்களுடையது குறைந்து, எதிரில் உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளின் தலையில் ஏறுகிறது. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பண்ணாரியைத் தாண்டியதும் பஸ் ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "இன்றுதான் முதன்முறையாக மலை ஏற்றுகிறேன், ஏதாவது ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், அவருடைய நேர்மையை மெச்ச யாருக்கும் தோன்றாது. எல்லோரும் கம்பியைத்தான் இறுக்கிப் பிடிப்பார்கள்.

முதல் நாள் பிள்ளைகளுக்கு வேண்டியது சின்ன விஷயங்கள். உங்கள் பெயர், எத்தனை நோட்டு வாங்க வேண்டும், வீட்டுப்பாடத்தை எப்போது பார்ப்பீர்கள், காலாண்டுத் தேர்வுக்குள் எதுவரை போவீர்கள். இவற்றைத் தடுமாறாமல் சொல்லிவிட்டுப் பாடத்தை ஆரம்பித்துவிடுங்கள். அன்றைக்கே பாடம் நடத்தாமல் அறிமுகத்திலேயே மணி அடிக்க விடும் ஆசிரியரைத்தான் பிள்ளைகள் புதியவர் என்று குறித்துக்கொள்கிறார்கள்.

"சொல்லாமல் இருப்பது பொய்தானே?"

இல்லை. பி.எட். தேர்வில் எத்தனை மதிப்பெண் வாங்கினீர்கள் என்றும் நீங்கள் வகுப்பில் சொல்வதில்லை. அதை யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள்.

பொய் வேறொரு வாசல் வழியாக வரும். "போன வருடம் என்னிடம் படித்த ஒரு பையன் இப்படித்தான் படிக்காமல் இருந்து..." என்று இல்லாத பையனை உருவாக்குவதுதான் பொய். புதியவர்களிடம் இந்தப் பழக்கம் அதிகம் உண்டு. மிரட்டுவதற்கு ஒரு கதை வேண்டியிருக்கிறது, அதனால் சொல்கிறார்கள். இந்தப் பக்கத்து ஊர்களில் அது ரொம்ப நாள் தாங்காது. நீங்கள் எந்தப் பள்ளியின் பெயரைச் சொன்னாலும், அங்கே படிக்கும் மாமன் மகன் ஒருவன் உங்கள் வகுப்பில் யாருக்காவது இருப்பான்.

"நாம் சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்களே?"

நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார்கள். நளினி அம்பாடி, ராபர்ட் ரோசென்தால் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கல்லூரி ஆசிரியர்கள் பாடம் நடத்தும் வீடியோவிலிருந்து ஒலி இல்லாத அரை நிமிடத் துண்டுகளை, அவர்களை முன்பின் பார்த்திராதவர்களிடம் காட்டி மதிப்பிடச் சொன்னார்கள். பருவ முடிவில் அந்த ஆசிரியர்களின் சொந்த மாணவர்கள் கொடுத்த மதிப்பீட்டோடு அது பெருமளவு ஒத்துப்போனது.

ஆனால் அந்த அரை நிமிடத்தில் யாரும் ஆண்டுக்கணக்கைப் பார்க்கவில்லை. ஆள் எப்படி நிற்கிறார், எங்கே பார்க்கிறார் என்றுதான் பார்த்தார்கள். வகுப்பிலும் அப்படித்தான். கரும்பலகை முழுவதும் எழுதி முடிக்கும்வரை முதுகைக் காட்டியபடியே நிற்பது, கேள்வி கேட்டுவிட்டு மூன்று விநாடிகூடப் பொறுக்காமல் தானே பதில் சொல்வது, முதல் பெஞ்சில் இருக்கும் இரண்டு பேரிடம் மட்டும் பேசுவது ஆகியவை புதியவரைக் காட்டிக்கொடுக்கும். சாக்பீஸை வைத்துவிட்டு ஒருமுறை கடைசி பெஞ்ச்வரை நடந்து வாருங்கள். இது எதற்கும் அனுபவம் தேவையில்லை. இரண்டு வரி எழுதித் திரும்பிப் பார்க்க இன்றைக்கே முடியும்.

"பையன் நேராகவே கேட்டுவிட்டான்: 'சார், இதற்கு முன்னால் எந்த ஸ்கூலில் இருந்தீர்கள்?' என்ன சொல்வது?"

உண்மையை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். "இதுதான் என் முதல் பள்ளி. சரி, பக்கம் 14 எடுங்கள்." அவ்வளவுதான். முதல் கேள்விக்கான பதிலோடு இது முரண்படுவதுபோலத் தோன்றலாம். முரண் இல்லை. நீங்களாக அறிவித்தால் சலுகை கேட்பதுபோல் ஆகிறது. கேட்டதற்குச் சொன்னால் தகவலோடு முடிந்துவிடுகிறது.

கெடுப்பது உண்மை அல்ல, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் வால்தான். "முதல் பள்ளிதான், ஆனால் நான் கல்லூரியில் கோல்ட் மெடல்" என்று ஒரு வால். "முதல் பள்ளிதான், நீங்கள்தான் ஒத்துழைக்க வேண்டும்" என்று இன்னொரு வால். சிலர், "அது உனக்கு எதற்கு?" என்று சீறுகிறார்கள். அன்று மதிய உணவு இடைவேளைக்குள் பள்ளி முழுக்கப் பதில் தெரிந்துவிடும்.

"பாடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொன்னால் மரியாதை போய்விடாதா?"

அதிகம் பேர் கேட்பதும் அதிகம் பேர் கோட்டை விடுவதும் இங்கேதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல்லடம் பக்கம் ஒரு பத்தாம் வகுப்பில், மின்னியல் பாடத்தின் நடுவே ஒரு மாணவி கேட்டாள்: "எங்கள் வீட்டில் தறி மோட்டாரைப் போட்டவுடன் விளக்கு ஒரு கணம் மங்கிவிட்டுத் திரும்பப் பிரகாசமாகிறதே, அது ஏன்?" புத்தகத்தில் இந்தக் கேள்வி இல்லை. வீட்டுக்குள்ளேயே தறி ஓடும் ஊரில்தான் இந்தக் கேள்வி பிறக்கும். "அதெல்லாம் சிலபஸில் இல்லை" என்றால் அந்தப் பெண் இனி கேட்கமாட்டாள். வாய்க்கு வந்ததைச் சொன்னால், அவளுடைய அப்பா மோட்டார் சுற்றுகிறவரிடம் கேட்டு மறுநாளே சரியான பதிலோடு அனுப்பிவிடுவார். "தெரியாது" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், நேர்மை இருக்கிறது, ஆனால் பாடம் அங்கேயே நின்றுவிடுகிறது.

தெரிந்தது எதுவரை என்று கோடு போட்டுக் காட்டுவதுதான் வழி. "விளக்கு மங்கினால் அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தம் குறைந்திருக்கிறது. மோட்டார் அந்த நேரத்தில் அதிக மின்னோட்டத்தை இழுத்தால், வரும் கம்பியிலேயே மின்னழுத்தத்தில் ஒரு பங்கு விழுந்துவிடும். ஓம் விதி இதுவரை நம்மைக் கொண்டுவருகிறது. மோட்டார் ஏன் தொடக்கத்தில் மட்டும் அதிகம் இழுக்கிறது என்பதை நான் பார்த்துவிட்டு வியாழக்கிழமை சொல்கிறேன்." கேள்வியைப் பலகையின் ஓரத்தில் எழுதி, கேட்டவள் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள். வியாழக்கிழமை, அவள் ஞாபகப்படுத்துவதற்கு முன்பே சொல்லுங்கள். சுழலும் மோட்டாருக்குள் எதிர் மின்னழுத்தம் உருவாகி மின்னோட்டத்தை அடக்கிவைக்கிறது. நின்றிருக்கும்போது அந்த எதிர்ப்பு இல்லை. அதனால் கிளம்பும் கணத்தில் வழக்கமாக இழுப்பதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்குவரை இழுக்கிறது. இருபது வருடம் ஆன ஆசிரியரும் இதைத்தான் செய்வார். செய்யாதவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

ஒரு எச்சரிக்கை. ஒரே வகுப்பில் மூன்று கேள்விக்கு வியாழக்கிழமை என்று தவணை சொன்னால், அது தயாரிப்பு இல்லாத குறை. அதற்கு இந்தப் பதில் மருந்தாகாது.

"கணக்கைப் பலகையில் தப்பாகப் போட்டுவிட்டேன். 'நான் புதுசுதானே' என்று சொல்லிச் சமாளித்தேன். சரியா?"

அந்த ஒரு சொற்றொடரை விட்டுவிடுங்கள். தவறு எந்த வரியில் நடந்தது என்று காட்டி, அழித்து, திரும்பப் போடுங்கள். கண்டுபிடித்த பிள்ளைக்கு ஒரு "சபாஷ்" போதும். குறியீடு மாறிப்போனதற்கும் உங்கள் பணிக்காலத்துக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் இருப்பதாக நீங்கள் சொல்லிக்கொடுத்தால், அடுத்த முறை நீங்கள் சரியாகப் போட்டதையும் சந்தேகப்படுவார்கள்.

"எனக்கு வயது 23. பிளஸ் டூ பையன்கள் என்னைவிட உயரம். 'அக்கா' என்று வேறு கூப்பிடுகிறார்கள்."

முதல் முறையே, சிரித்த முகத்தோடு, "டீச்சர்" என்று திருத்திவிடுங்கள். விளக்கவுரை வேண்டாம். அவர்கள் குசும்புக்காகக் கூப்பிடுவது பாதி, வீட்டுப் பழக்கத்தில் வருவது பாதி. இந்தப் பகுதியில் வழியில் போகிற பெண்ணையும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயதைக் கேட்டால் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

இதையொட்டி இன்னொரு செய்தி. கொங்குப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் "சரிங்க", "ஆமாங்க" என்பார்கள். வெளியூரிலிருந்து வந்த புது ஆசிரியர்கள் இதைக் கேட்டு, வகுப்பு கைக்குள் வந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அது அவர்கள் வீட்டில் கற்ற பேச்சு மரியாதை. பாடம் புரிந்ததா என்பதை நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"நான் படித்த பள்ளியிலேயே வேலை கிடைத்திருக்கிறது. ஊருக்கே என்னைத் தெரியும். என்னத்தை மறைப்பது?"

எதையும் மறைக்க வேண்டியதில்லை. உங்களைச் சீருடையில் பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் முன்னால் இருப்பார்கள். மாரியம்மன் நோம்பிக்குப் போனாலும் நீங்கள் டீச்சர்தான், கடைவீதிக்குப் போனாலும் டீச்சர்தான். ஒரே ஒரு சிக்கல், உங்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் இன்னும் அங்கேயே இருப்பது. பிள்ளைகள் முன்னால் உங்களைப் பெயர் சொல்லி ஒருமையில் அழைக்க வேண்டாம் என்று அவர்களிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகவே ஒப்புக்கொள்வார்கள்.

"பி.எட். பயிற்சிக்காகப் போகிறோம். அங்கேயும் சொல்லக் கூடாதா?"

அங்கே சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. தலைமை ஆசிரியர் காலை வழிபாட்டிலேயே அறிமுகப்படுத்திவிடுவார். பின் பெஞ்சில் வழிகாட்டி ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். "பயிற்சிக்கு வந்திருக்கிறேன், இந்த அலகை நான் நடத்துகிறேன்" என்பது போதும். "மதிப்பெண்ணுக்காக வந்திருக்கிறேன், அதிகாரி வரும்போது அமைதியாக இருங்கள்" என்று பிள்ளைகளிடம் பேரம் பேசுவதுதான் அசிங்கம். அதை எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் செய்கிறார்கள் என்பது சமாதானம் ஆகாது.

"அனுபவமே இல்லாத எனக்கு அந்த வகுப்பில் நிற்க என்ன தகுதி என்று ராத்திரியெல்லாம் யோசனை."

முதலில், "அனுபவமே இல்லை" என்பது சரியில்லை. இரண்டு ஆண்டு பி.எட். படிப்பில் பள்ளியில் செலவிட வேண்டிய காலம் மட்டும் 20 வாரம். அதை ஒழுங்காகச் செய்திருந்தால் நீங்கள் வெறுங்கையோடு வரவில்லை.

அடுத்து, தமிழ்நாட்டில் 2018-இல் பிளஸ் ஒன்னுக்கும் 2019-இல் பத்து, பிளஸ் டூவுக்கும் புதுப் பாடநூல்கள் வந்தன. அந்த வருடம் முப்பது ஆண்டு பணிமூப்பு உள்ளவர்களும் அந்தப் புத்தகத்துக்குப் புதியவர்கள்தான். ராத்திரி உட்கார்ந்து படித்துவிட்டு வந்துதான் நடத்தினார்கள்.

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம்தான் என்று இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அந்த நூலில் நல்லாசிரியருக்கு வேண்டியவை என்று ஒரு பட்டியல் உண்டு. கற்ற நூலில் தெளிவு, சொல்வன்மை, உலக நடப்பு தெரிந்திருப்பது என்று போகும் அந்தப் பட்டியலில் ஆண்டுக்கணக்கு இல்லை. பாடம் சொல்லும் முறையைப் பேசும் இடத்தில், சொல்லப்போவதை மனத்தில் அமைத்துக்கொண்டு, அவசரப்படாமல், கோபப்படாமல், முகம் மலர்ந்து சொல்ல வேண்டும் என்கிறது. புதியவருக்குக் கடினமானது அவசரப்படாமல் இருப்பதுதான். நாற்பது நிமிடத்துக்குத் தயாரித்ததைப் பதினெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு மணியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"நான் படித்தது விலங்கியல். பத்தாம் வகுப்பில் இயற்பியல் பகுதியையும் நானே நடத்த வேண்டும். இதைச் சொல்லலாமா?"

இங்கே என் கருத்து கொஞ்சம் மாறுகிறது. உயர்நிலை வகுப்புகளில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர் நான்கு பகுதிகளையும் நடத்துவது வழக்கம்தான், ஒளிக்க எதுவுமில்லை. "இந்தக் கணக்குகளில் என் விடையை நீங்களும் சரிபாருங்கள்" என்று சொல்வதால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பயன் உண்டு. அவர்கள் தாமாகவே போட்டுப் பார்ப்பார்கள்.

ஆனால் அதற்கு விலை இருக்கிறது. ஒவ்வொரு புக் பேக் கணக்கையும் முந்தின நாள் உங்கள் கையால் நோட்டில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கைடைப் பார்த்துத் தலையாட்டுவது போதாது. லென்சு கணக்கில் பொருளின் தூரத்துக்கு எதிர்க்குறி போட மறந்தால், விடை எங்கோ போய் நிற்கும். பலகை முன்னால் நின்று அந்தக் குறியைத் தேடுவது கொடுமை.

"தனியார் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். 'பெற்றோர் கேட்டால் ஐந்து வருட அனுபவம் என்று சொல்லுங்கள்' என்கிறார்கள்."

சொல்லாதீர்கள். இல்லாத மாணவனை உருவாக்குவது பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும், பத்து மடங்காக. பொய் வெளிப்படும் நாளில் அது நிர்வாகத்தின் பொய்யாக இருக்காது, உங்களுடையதாகவே இருக்கும்.

வேலையையும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது புரிகிறது. "அனுபவத்தைப் பற்றிக் கேட்டால் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறேன், நீங்களே சொல்லிவிடுங்கள்" என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள். அதற்கு மேலும் வற்புறுத்தினால் அடுத்த கல்வியாண்டுக்கு வேறு இடம் பார்ப்பது நல்லது.

"பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா, 'நீங்கள் புதுசாமே?' என்று ஆரம்பித்தார்."

அவர் கேட்க வந்தது அதுவல்ல, "என் பிள்ளை தேறிவிடுமா?" என்பதுதான். "ஆமாங்க, இந்த வருடம்தான் சேர்ந்தேன்" என்று சொல்லிவிட்டு உடனே பிள்ளையின் விடைத்தாளை எடுங்கள். "ஒரு மதிப்பெண் வினாக்களில் நன்றாக வாங்குகிறான். படம் வரைந்து பாகம் குறிக்கும் கேள்வியைத் தொடுவதே இல்லை. வாரம் இரண்டு படம் வீட்டில் வரையச் சொல்லுங்கள்." தன் பிள்ளையை இவ்வளவு கவனித்தவரிடம் யாரும் வருடத்தை எண்ணிக்கொண்டிருக்கமாட்டார்கள். தறியை ஒரு ஷிஃப்ட் நிறுத்திவிட்டு வந்தவர் என்பதால் சீக்கிரம் பேசி முடிப்பதும் மரியாதை.

"குறையை ஒப்புக்கொண்டால் பிள்ளைகள் நெருங்கி வருவார்கள் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்களே?"

பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1966-இல் செய்த சோதனை அது. வினாடி வினாவில் கலந்துகொண்ட ஒருவரின் ஒலிப்பதிவைக் கேட்கவைத்தார்கள். ஒரு பதிவில் அவர் கடினமான கேள்விகளில் 92 சதவீதத்துக்குச் சரியாகப் பதில் சொல்கிறார், இன்னொன்றில் 30 சதவீதத்துக்கு மட்டும். இரண்டிலும் சிலருக்கு மட்டும், கடைசியில் அவர் காபியைத் தன்மேல் கொட்டிக்கொள்வதும் கேட்கும். கெட்டிக்காரர் கொட்டிக்கொண்டபோது கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்தது. சுமாரானவர் கொட்டிக்கொண்டபோது இருந்த மதிப்பும் குறைந்தது.

ஆகவே நெருக்கம் வரும், முதலில் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்த பிறகு. அரையாண்டுக்குப் பின் ஒருநாள் பேச்சுவாக்கில், "ஜூன் மாதம் உங்கள் வகுப்புக்குள் நுழையும்போது எனக்கு உள்ளங்கை வியர்த்தது" என்று சொன்னால் பிள்ளைகள் கைதட்டிச் சிரிப்பார்கள். ஜூன் மாதமே சொன்னால் அதே வாக்கியம் வேறு வேலை செய்யும்.

"நான் ஏற்கெனவே சொல்லித் தொலைத்துவிட்டேன். இப்போது எதற்கெடுத்தாலும் 'சார் புதுசு' என்கிறார்கள். வகுப்பு கையில் இல்லை."

சொன்னதை மறுக்கவும் வேண்டாம், அதை மறக்கடிக்கத் திடீரென்று பிரம்பு முகம் காட்டவும் வேண்டாம். ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்துத் தவறாமல் செய்யுங்கள். எனக்குத் தெரிந்ததில் மிகப் பலன் தருவது, விடைத்தாளைச் சொன்ன நாளில் திருத்திக் கொடுப்பது. திங்கள் நடந்த அலகுத் தேர்வுத்தாள் புதன்கிழமை கையில் வந்தால், அதிலும் தவறின் பக்கத்தில் இரண்டு வார்த்தை எழுதியிருந்தால், கடைசி பெஞ்சும் பார்க்கும். மூத்தவர்கள் பலர் அதைச் செய்வதில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

"அப்படியானால் யாரிடம்தான் என் பயத்தைச் சொல்வது?"

ஆசிரியர் அறையில். அங்கே ஒன்றையும் மறைக்காதீர்கள். உங்கள் பாடத்தையே நடத்தும் மூத்தவரிடம், "உங்கள் வகுப்பில் ஒரு பாடவேளை பின்னால் உட்காரட்டுமா?" என்று கேளுங்கள். வருகைப் பதிவேட்டில் தொடங்கி, பாடக்குறிப்பு எவ்வளவு நீளம் எழுத வேண்டும் என்பதுவரை வெட்கப்படாமல் கேளுங்கள். பிள்ளைகளிடம் அனுபவசாலிபோலக் காட்டாதவர்கள்கூட, சக ஆசிரியர்களிடம் எல்லாம் தெரிந்தவர்போல நடந்து முதல் வருடத்தை வீணாக்குவதைப் பார்க்கிறேன்.

"பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் தானும் டீச்சர் ஆக வேண்டும் என்கிறாள். 'உங்கள் முதல் வருடம் எப்படி இருக்கிறது?' என்று கேட்டாள். மழுப்பிவிட்டேன்."

அவளிடம் மழுப்பியிருக்க வேண்டாம். மேலே சொன்ன தயக்கங்கள் எதுவும் இவளுக்குப் பொருந்தாது. இவளுக்கு உங்கள் அனுபவமின்மையே பாடம். வகுப்பு நேரத்துக்கு வெளியே, நாளைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள்: முதல் மாதம் தொண்டை கட்டியது, ராத்திரி பாடக்குறிப்பு எழுதியது, எந்தப் பாடம் சொதப்பியது, எது நன்றாக வந்தது. பட்டப்படிப்புக்குப் பிறகு பி.எட். இரண்டு ஆண்டு, அதற்கு மேல் தகுதித் தேர்வு, போட்டித் தேர்வு என்று எத்தனை படி இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். சம்பளத்தைக் கேட்டால் அதையும் சொல்லிவிடுங்கள். அவள் வீட்டில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.